பெக்கரும் அவன் அண்ணனும்

ஓர் ஊரில் ஒரு வேன் இருந்தது. பிச்சை எடுப்பவர்களைப் பிடித்துப் போவது அதன் வேலை. அதற்கு உதவியாளாக ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்திருந்தார்கள். பெயர் பெக்கர். கை ஏந்துகிறவர் யாரோ, அவர் தோளில் பெக்கர் ஏறி உட்கார வேண்டும். உடனே வேன் அவரை அள்ளிக்கொள்ளும். தாயை ஓர் இல்லத்தில் இறக்கும், பிள்ளையை வேறோர் இல்லத்தில் இறக்கும். அவ்வளவுதான் சட்டம்.

பெக்கருக்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் மெண்டிகண்ட். கை ஏந்துகிறவர் என்றுதான் அவனுக்கும் அர்த்தம். ஆனால் அவன் துறவிகள் தோளில் மட்டும்தான் உட்காருவான். விரதக்காரர் யாராவது கூப்பிட்டால் மனமிரங்கி வருவான். கான்வென்ட் பிள்ளைகள் எழுந்து நின்று, கைகட்டி, அவனை உச்சரிப்பார்கள். தம்பியை அப்படி யாரும் உச்சரித்ததில்லை. கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே சொல்வார்கள்.

ஆடி வெள்ளி. மாரியம்மன் கோவிலுக்கு யாரோ பெரிய மனிதர் வருகிறாராம். வாசலைச் சுத்தம் செய் என்று வேனுக்கு உத்தரவு.

வாசலில் இரண்டு பெண்கள் மடி ஏந்தி நின்றார்கள்.

ஒருத்தி யமுனா. காரில் வந்தவள். புது மஞ்சள் புடவை. அவள் மகன் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடக்கிறான். வாசலில் நிற்கிற ஒருவரையும் விடாமல் மடிப்பிச்சை கேட்டு, அந்த அரிசியை அம்மனுக்குக் கொட்டுவதாக வேண்டுதல்.

இன்னொருத்தி செல்லாயி. இடுப்பில் ஒரு பெண் குழந்தை, அதற்கும் காய்ச்சல். பஸ் நிலையத்துக்குப் பின்னால் படுத்து எழுகிறவள்.

"தாயே, பிள்ளைக்குக் காய்ச்சல். பிச்சை போடுங்க" என்றார்கள் இருவரும்.

பெக்கர் சட்டம் தெரிந்தவன். பக்கத்தில் இருந்த யமுனாவின் தோளில் ஏறினான். அவள், "சீ! என்னது இது?" என்று உதறினாள்.

மெண்டிகண்ட் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். "டேய், இறங்குடா! அது என் ஆளு."

"கை ஏந்துறாங்களே அண்ணே."

"வேண்டுதல்டா, மண்டு. பிள்ளைக்காக."

"அந்தம்மாவும் பிள்ளைக்காகத்தானே கேக்கறாங்க? அவங்க தோள்லயும் நீயே ஏறிக்கயேன்."

மெண்டிகண்ட் செல்லாயியை மேலும் கீழும் பார்த்தான். மூக்கைப் பொத்திக்கொண்டான். "அதெல்லாம் உன் டிபார்ட்மெண்ட்."

"என்ன வித்தியாசம்னு சொல்லிட்டுப் போ."

"இவங்களுக்குச் சாயங்காலம் போறதுக்கு வீடு இருக்கு. போதுமா?"

பெக்கர் இறங்கிப் போய்ச் செல்லாயியின் தோளில் ஏறினான். வேன் உறுமிக்கொண்டு திரும்பியது.

"நீ ஏறிக்க சாமி" என்றாள் செல்லாயி மெதுவாக. "எம் புள்ளைய மட்டும் பிரிச்சிராத. என்னைய விட்டா யாருகிட்டயும் பால் குடிக்காது."

அந்த நேரம் பார்த்து யமுனா அவள் முன்னால் வந்து நின்றாள். ஒருவரையும் விடக்கூடாதே. முகத்தைத் திருப்பிக்கொண்டு மடியை நீட்டினாள்.

"புள்ளைக்கு என்னம்மா?" என்று கேட்டாள் செல்லாயி.

"காய்ச்சல்... இறங்கவே மாட்டேங்குது." யமுனாவின் குரல் உடைந்தது. அந்தப் பயம் பொய்யில்லை.

செல்லாயி தன் மடியிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி அவள் மடியில் போட்டாள். "சரியாப் போயிரும், அழாத. எம் புள்ளைக்கும் சேர்த்து வேண்டிக்க."

பெக்கர் வழுக்கி விழுந்தான். கொடுக்கிறவர் தோளில் அவனால் உட்கார முடியாது.

"என்னடா பராக்கு பாக்கற? ஏத்துடா!" என்றது வேன்.

"இவங்க குடுத்தவங்கய்யா. வாங்கினது அவங்க."

"யாரை ஏத்தணும்னு எனக்குத் தெரியும்டா. அதை யாரும் தப்புன்னு சொல்லாம இருக்கத்தான் உன்னை வெச்சிருக்கு."

பெக்கர் யமுனாவிடம் ஓடினான். "அக்கா, ஒரே வார்த்தை! இவதான் எனக்குப் போட்டான்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நிறுத்திருவாங்க."

யமுனா வேனைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் இந்த அசிங்கம் மறுபடி தன் மேல் ஏறிவிட்டால்? மடியை இறுக்கிச் சுருட்டினாள். "எனக்கு நேரமாச்சு" என்றாள். மெண்டிகண்ட் வழிவிடச் சொல்லிக் கூட்டத்தை விலக்கினான்.

வேனின் கதவு திறந்தது. குழந்தையின் விரல்கள் செல்லாயியின் சேலையைப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். மிச்ச அரிசி வாசலெல்லாம் கொட்டியது. குழந்தை போட்ட கூச்சல் சன்னதி வரை கேட்டது. மேளக்காரர்கள் கொஞ்சம் ஓங்கி அடித்தார்கள்.

உள்ளே யமுனா மடி அரிசியை அம்மன் முன் கொட்டினாள்.

"பிள்ளை பேரு சொல்லுங்கம்மா" என்றார் பூசாரி.

மகன் பெயரைச் சொன்னாள்.

"இன்னொரு பிள்ளை பேரு?" என்று கேட்டது குவியலிலிருந்து ஒரு பிடி அரிசி.

அந்தப் பெயரை யமுனா கேட்டிருக்கவே இல்லை.

"வேற யார் பேருக்காவது செய்யணுமாம்மா?" என்றார் பூசாரி.

"இல்லை" என்றாள்.

பெக்கர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தான். யாரும் அவனை ஏவவில்லை. நேராகப் போய் யமுனாவின் தோளில் ஏறி உட்கார்ந்தான்.

மெண்டிகண்ட் அவன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறான், இன்றுவரை.