ஆறாம் சரணமும் பல்லியின் நாக்கும்

அந்தக் காலத்தில் மனிதருக்கு இருந்ததுபோலவே மற்ற உயிர்களுக்கும் பேச்சு இருந்தது. ஆடு வழக்குப் பேசும், காகம் ஊர்ச்சேதி சொல்லும். நடுத்தேரி என்ற செம்மண் ஊரின் வேதக்கோவிலில் ஒரு பல்லி இருந்தாள். பிரசங்க பீடத்துக்கு மேலே, விளக்குத் தண்டுக்குப் பின்னால் அவள் குடித்தனம். சுருதி பிசகாத குரல். எந்தப் பாட்டானாலும் அவள் எடுத்துக் கொடுத்தால்தான் சபை வாய் திறக்கும்.

அங்கே ஆராதனை நடத்தும் உபதேசியார் மாசிலாமணி ஒரு கீர்த்தனை எழுதினார். ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்த வரலாறு, நாளுக்கு ஒரு சரணம். ஐந்தாவதில் மீனும் பறவையும். ஆறாவதில் மிருகங்களுக்கும் மனிதருக்கும் நடுவே பல்லிக்கென்றே ஓர் இடம்:

சுவரில் ஊரும் சிறியதற்கும்
சுவாசம் ஈந்த தேவனே.

உபதேசியார் வாசித்துக் காட்டியபோது பல்லிக்கு வால் நுனிவரை சிலிர்த்தது. சிங்கத்துக்குப் பாட்டு இருந்தது, புறாவுக்கு இருந்தது, வெட்டுக்கிளிக்குக்கூட இருந்தது. அவளை யாரும் அதுவரை ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

"எல்லாருமா சேர்ந்து இதை ஒருதரம் பாடிக் கேட்டாப் போதும் உபதேசியாரே, எனக்கு வேற ஆசை கிடையாது" என்றாள்.

அங்கேதான் வந்தது வினை.

முதல் ஞாயிறு பல்லி சுருதி கொடுத்தாள். கிழக்குத்தெருக்காரர்கள், ஆண்டவர் செய்த வேலையை அவசரமாகப் பாடுவது மரியாதையில்லை என்று நீட்டி இழுக்கும் ஒரு ராகத்தில் பாடினார்கள். மேற்குத்தெருக்காரர்களோ, படைப்பு சந்தோஷமான காரியமாயிற்றே என்று கும்மித் தாளத்தில் வேறொரு ராகமாய்த் துள்ளிக்கொண்டு போனார்கள். கிழக்கு முதல் வரியை முடிக்குமுன் மேற்கு முதல் சரணத்தை முடித்துவிட்டது. இரண்டாம் சரணத்தில் கிழக்குத்தெரு அன்னப்பழம் எழுந்து நின்றாள்.

"இது கோவிலா, கல்யாணப் பந்தலா?"

"நீங்க இழுக்கிறதைக் கேட்டா எழவு வீடுன்னுல்லா நெனைப்பாங்க!" என்றார் மேற்குத்தெரு வேதக்கண்.

அவ்வளவுதான். பாட்டு நின்றது, சண்டை வளர்ந்தது. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் சரணத்தை எட்டியவர் ஒருவருமில்லை. தங்கள் சரணத்தைக் கேட்கவென்று ஜன்னலில் வந்து உட்கார்ந்த மைனாக்கள் சலித்துப்போய்ப் பறந்தன. கோவில் குளத்து மீன்கள், "எங்க முறை வந்தாச்சா?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தன. ஆடுகள் வருவதையே விட்டுவிட்டன.

பல்லிதான் விடவில்லை. சுவருக்குச் சுவர் ஓடிச் சமாதானம் பேசினாள். "ஒத்தைச் சரணம் கிழக்கு பாடட்டும், ரெட்டைச் சரணம் மேற்கு பாடட்டும். சரிதானே?"

வேதக்கண் யோசித்தார். "அப்படீன்னா முதல் நாள் வெளிச்சத்தை அவங்களுக்குக் கொடுத்துட்டு, ரெண்டாம் நாளை எங்க தலையில கட்டுதியா? ஆறு நாள்ல அந்த ஒரு நாளைத்தான் ஆண்டவர் நல்லதுன்னு சொல்லலை. எங்களுக்குத் தெரியாதுன்னு பாத்தியோ?"

"சரி, முதல் சரணம் மேற்குக்கு!"

"அப்போ நல்லதுன்னு சொல்லாத நாளு எங்களுக்கா?" என்றாள் அன்னப்பழம்.

பல்லி சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் வாரம் அறுப்பின் பண்டிகை வந்தது. வாழைத்தாரும் பூசணியும் பதநீர்க் கலயங்களும் பீடத்தைச் சுற்றி நிறைந்திருந்தன. உபதேசியார் ஏட்டைக் கையில் எடுத்தார். முகம் வாடியிருந்தது. "இன்னைக்கும் சண்டைன்னா இந்தப் பாட்டை அடுப்பில போட்டுருவேன். நான் எழுதினதே தப்பு" என்றார்.

பல்லி பீடத்துக்கு நேர்மேலே ஓடி வந்தாள். அடுப்பிலா? அவளுடைய அடியுமா? இனிப் பொறுத்தால் ஆகாது என்று, கிழக்கும் இல்லாமல் மேற்கும் இல்லாமல், தானே கட்டிய மூன்றாவது ராகத்தில் உரக்கப் பாட ஆரம்பித்தாள். நல்ல ராகம் அது.

பன்னிரண்டு வாரமாக ஒத்துப்போகாத இரண்டு தெருவும் அன்றுதான் ஒரே குரலில் பேசின. "இது என்ன புதுசா மூணாவது ராகம்? நிறுத்து!"

பல்லிக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஆண்டவருக்கு உலகத்தைப் படைக்கவே ஆறு நாள் போதுமா இருந்துச்சு. உங்களுக்கு அதைப் பாடி முடிக்கப் பன்னிரண்டு வாரம் பத்தலையா? கேட்டுக்கோங்க! நீங்க எல்லாரும் ஒரே ராகத்தில இதைப் பாடி முடிக்கிற வரைக்கும் இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசினா என் நாக்கு மேல்வாயோட ஒட்டிக்கிடட்டும்!"

கோவிலுக்குள் வைத்துச் செய்த சத்தியம். எல்லோரும் அரண்டுபோனார்கள். உபதேசியார் தாமே பாட்டைத் தொடங்கினார். சபையும் பாடியது. கிழக்கு இழுத்தது, மேற்கு துள்ளியது. ஆனால் வாய்ச்சண்டைக்கு யாருக்கும் தைரியம் வரவில்லை. இரண்டாம் சரணம் தாண்டியது. மூன்று, நான்கு தாண்டியது. ஐந்தாவதில் குளத்து மீன்கள் துள்ளிய சத்தம் உள்ளே கேட்டது.

ஆறாவது வந்தது. "சுவரில் ஊரும் சிறியதற்கும்" என்று முந்நூறு குரல்கள், முன்னும் பின்னுமாக, இரண்டு ராகத்தில். காது கூசியது. ஆனாலும் அது அவளுடைய அடி. பல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. சத்தியம் மறந்துபோய், தானும் சேர்ந்து பாட வாயைத் திறந்தாள்.

நாக்கு மேல்வாயோடு ஒட்டியிருந்தது. முழுப்பலத்தையும் கொடுத்து இழுத்தாள். 'ச்சு' என்று ஒரு சத்தம்தான் வந்தது. மறுபடி இழுத்தாள். 'ச்சு, ச்சு.'

பாட்டு முடிந்தது. சபை அண்ணாந்து பார்த்தது.

"பாத்தியளா! எங்க ராகந்தான் சரின்னு பல்லியே சொல்லிட்டு" என்றாள் அன்னப்பழம்.

"அது எங்களைப் பார்த்துல்லா சொல்லிச்சு!" என்றார் வேதக்கண்.

பல்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ச்சு" என்றாள்.

அன்று முதல்தான் பல்லி பேச்சை விட்டு உச்சுக் கொட்டத் தொடங்கியது. நாமும் அன்று முதல்தான், எதையாவது அடித்துப் பேசும்போது சுவரில் அந்தச் சத்தம் கேட்டால், "பாத்தியா, பல்லியே ஆமாங்குது" என்று சொல்லிக்கொள்கிறோம்.