செல்லாத்தா வேனுக்குத் தகுதிச் சீட்டு

பழைய கார் வைத்திருப்பவர்கள் தங்கள் காரைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள். பழைய வேன் வைத்திருப்பவர்கள் கேட்காவிட்டாலும் சொல்வார்கள். வேண்டாமய்யா என்று கையெடுத்துக் கும்பிட்டாலும் சொல்வார்கள். சாரதாமணி டீச்சருக்கு இது பதினோரு வருஷ அனுபவத்தில் தெரிந்தது. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற கையோடு, பழைய வண்டிகள் சங்கத்தார் அவரைப் பிடித்து வண்டி சோதிக்க உட்கார வைத்துவிட்டார்கள். வருஷத்துக்கு ஒருநாள் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சங்கத்து வண்டிகள் வரிசையாக மலையேறும். டீச்சர் ஒவ்வொரு வண்டியின் இஞ்சின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். உள்ளங்கைக்குத் திருப்தியானால் தகுதிச் சீட்டு. இல்லையென்றால் மந்திரியே சிபாரிசு செய்தாலும் வண்டி வீட்டுக்குத்தான் போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் மலையடிவார மைதானத்தில் இருபத்திரண்டு கார்களுக்கும் சீட்டு கொடுத்தாயிற்று. ஒன்பது மணிக்குக் கொடியசைப்பு. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேன். பச்சையும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்து, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, கண்ணாடிக்கு மேலே 'செல்லாத்தா' என்று பெயரெழுதிய அறுபது வருஷத்து வேன். பக்கத்தில் அதன் சொந்தக்காரர் நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். சாமியானா, பந்தல் வாடகைக்கு விடுகிறவர். உள்ளே, முன் சீட்டில், அவர் மனைவி மயிலாத்தாள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மயிலாத்தாளை டீச்சருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். பால் சொசைட்டியில் முப்பது வருஷம் பால் அளந்தவர். பாலில் எவ்வளவு தண்ணீர் என்பதை ஊற்றியவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அது சொந்த அண்ணன் மாட்டுப் பாலாக இருந்தாலும் சரி. அவர் வாயில் பொய் வந்து ஒருத்தரும் கேட்டதில்லை. முப்பத்தைந்து வருஷமாக நாச்சிமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டும் அந்தப் பழக்கம் தொற்றவில்லை என்பது பெரிய விஷயம்தான்.

"டீச்சர், உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றனுங்க," என்று நாச்சிமுத்து அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "மூணு வருசமா நம்ம செயலாளர் இது சாமான் ஏத்தற வண்டின்னு திருப்பித் திருப்பி அனுப்பிச்சுட்டாருங்க. இந்த வருசம் பொதுக்குழுவுல மல்லுக்கட்டி, டீச்சர் பாத்துச் சரின்னா சரின்னு வாங்கியிருக்கறன். இன்னைக்கும் இல்லீன்னா, நாளைக்குக் காலையில பழைய இரும்புக்காரன் வந்து செல்லாத்தாளை வெட்டி எடுத்துட்டுப் போயிருவானுங்க. வூட்டுக்காரி சொல்லிப் போட்டா. அவ சொன்னா சொன்னதுதான்."

சொல்லும்போது அவர் கண் நிஜமாகவே கலங்கியது. டீச்சருக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்துச் சீட்டு கொடுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"இஞ்சின் பெட்டியைத் திறங்க," என்றார்.

அந்தக் காலத்து வேனில் இஞ்சின் டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே, ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும். நாச்சிமுத்து வண்டியில் ஏறினார், ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை. அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு வெளியே பார்த்தார். அங்கே செயலாளர் ஜெகதீஸ்வரன் வந்துகொண்டிருந்தார். நூல் மில் முதலாளி. கறுப்புச் சீமைக்கார் வைத்திருப்பவர். அவருக்குப் பின்னால் நாலைந்து கார்க்காரர்கள், வேடிக்கை பார்க்க.

"ஏனுங்க நாச்சிமுத்தண்ணா," என்றார் ஜெகதீஸ்வரன். "எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். காருன்னா ஒரு கம்பீரம் இருக்குது, சரி. இந்த ரொட்டி டப்பாவுல அப்படி என்னதான் இருக்குதுன்னு பொட்டு வெச்சுக் கும்புடறீங்க?"

இந்தக் கேள்வியை நாச்சிமுத்துவிடம் கேட்டது முதல் தப்பு. பதில் வரும்வரை நின்றது இரண்டாவது தப்பு.

"கம்பீரமுங்களா? உங்க கார்ல நாலு பேரு போலாம். அஞ்சாவது ஆள் வந்தா கம்பீரம் போயிருமுங்க. எங்க செல்லாத்தாளுக்குப் புஸ்தகத்துல எட்டுப் பேருன்னு போட்டிருக்குது. அன்னூர்லருந்து குன்னூருக்கு ஒரு கல்யாணத்துக்கு எண்பத்தாறு பேரை ஏத்திட்டுப் போனனுங்க. கதவு தானாச் சாத்திக்கிச்சு. இறங்கறப்ப எண்ணினா எண்பத்தேழு!"

"அது எப்படி?" என்றார் ஒரு கார்க்காரர்.

"வழியில ஒண்ணு பொறந்துருச்சுங்க. கூட்டத்துல யாருக்கும் தெரியலே. அம்மாக்காரிக்கே ஊரு வந்துதான் தெரிஞ்சது. அந்தப் பையன் இப்ப பஸ் கண்டக்டர். எத்தனை நெரிசல்னாலும் அசரமாட்டான், பொறந்ததே அதுலதானே."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பெட்டி," என்றார்.

"வர்றனுங்க டீச்சர். பெட்டின்னதும்தான் ஞாபகம் வருது. அந்த எண்பத்தேழு பேருக்கும் சாப்பாடு எங்கே ஆச்சுங்கறீங்க? இந்தப் பெட்டி மேலதான்! மேடு ஏறறப்ப சாம்பார் கொதிக்கும். சமதரையில சாதம் வேகும். இறக்கத்துல ரசம். ரசத்துக்கு எப்பவும் சூடு கம்மியா இருக்கோணுமல்லங்க? சமையல்காரரு கோவிச்சுட்டு அங்கேயே இறங்கிப் போயிட்டாரு."

"எண்பத்தேழு பேரை வெச்சுக்கிட்டு மேடு வேற ஏறுச்சா?" ஜெகதீஸ்வரன் கண்ணைச் சிமிட்டினார்.

"ஏறுச்சாவா! உங்க காரு இரும்புங்க, வளையாது. வேன் அப்படியில்லே, பாரத்துக்குத் தக்கன நீளும். இதே குன்னூர் மலையில நான் ஏழாவது கொண்டை ஊசி வளைவுல திரும்பறேன், பின்சீட்டுக்காரங்க அஞ்சாவது வளைவுல இருந்தாங்க. ஆறாவது வளைவுல டீக்கடைக்காரரு, முன்சக்கரம் போறதைப் பாத்து அடுப்புல பால் வெச்சவரு, பின்சக்கரம் போறப்ப டீயை ஆத்திக் குடிச்சு முடிச்சுட்டாராமுங்க."

கார்க்காரர்களில் ஒருவருக்குப் புரையேறியது. நாச்சிமுத்துவுக்கு அதுவே போதும். கண்ணில் இருந்த கலக்கம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"பெட்ரோலைச் சொல்லாமப் போனா பாவமுங்க. அன்னைக்கு மூணு லிட்டர் ஊத்திக் கிளம்பினேன். குன்னூர் போயிட்டு வந்து பாத்தா டேங்குல அஞ்சு லிட்டர். மலையில பனி இறங்குதல்லங்க, அதைக் குடிச்சுப் பழகியிருக்குது. பங்க்காரரு கெஞ்சிக் கேட்டு ரெண்டு லிட்டரை எங்கிட்ட வாங்கிட்டாரு."

"அண்ணா, போதும்," என்றார் ஜெகதீஸ்வரன்.

"ஆரனைச் சொல்லலீங்களே! திரும்பி வர்றப்ப கல்லாறுகிட்ட நடுரோட்டுல ஒத்தைக் கொம்பன் யானை. ஒரே ஒரு ஆரன் அடிச்சனுங்க. யானை ஒதுங்கி வழி விட்டுச்சு. அதோட போச்சுன்னு நெனைச்சா, மறுநாள் எங்க வாசல்ல நிக்குது. தும்பிக்கையில ஒரு பலாப்பழம். கூட வயசான யானை ரெண்டு. பொண்ணு கேட்டு வந்திருக்குதுங்க! நான் பொறுமையாச் சொன்னேன், இது வேனு, வயசும் உனக்கு மூத்ததுன்னு. மூணு நாளு நின்னு பாத்துட்டுத்தான் போச்சு. உங்க சீமைக்காருக்கு ஒரு எருமையாவது வந்து கேட்டிருக்குதுங்களா?"

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள், ஜெகதீஸ்வரனைத் தவிர. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டரை. இந்த மனிதர் ஒன்பது மணி வரை யானைக்குக் கல்யாணமே பண்ணி வைத்துவிடுவார் என்று அவருக்குப் பட்டது. வேனில் ஏறி, நாச்சிமுத்துவின் கையை நகர்த்திவிட்டு, கொக்கியை விடுவித்துப் பெட்டியைத் தானே திறந்தார்.

உள்ளே இஞ்சின் இல்லை. இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில், துண்டு விரித்து, நாலடுக்கு டிபன் கேரியர் ஒன்று இருந்தது. டீச்சர் பழக்கத்தில் அதன் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இட்லி இன்னும் சூடாக இருந்தது.

வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப வண்டி இங்கே எப்படி வந்துச்சு?" என்றார் டீச்சர்.

"எங்க வூடு மேட்டுல இருக்குதுங்க," என்றார் நாச்சிமுத்து. குரல் இறங்கிவிட்டது. "சக்கரத்துக்குக் கீழே இருந்த கல்லை எடுத்தேன். வந்துருச்சு."

ஜெகதீஸ்வரன் கைதட்டிச் சிரித்தார். அவருக்கு இத்தனை நாளில் இப்படி ஒரு நல்ல காலை வாய்த்ததில்லை. "டீச்சர், சும்மா திருப்பி அனுப்பாதீங்க. விதியைப் படிச்சுக் காட்டி முறையா அனுப்புங்க. எங்கப்பா எழுதினது. நாலு பேரு கேக்கட்டும்."

டீச்சர் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். நாற்பது வருஷத்துப் புத்தகம். முதல் பக்கத்தைப் புரட்டியே பல வருஷம் ஆகியிருந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டதால் உரக்கப் படித்தார். "விதி ஒன்று. மலையேறும் ஒவ்வொரு வண்டியும், வேறு வண்டியில் ஏற்றி வரப்படாமலும், கட்டி இழுத்து வரப்படாமலும், ஆட்களால் தள்ளப்படாமலும், தன் சொந்தச் சக்கரத்தில் மைதானத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்."

படித்து முடித்ததும் டீச்சர் தலையை நிமிர்த்தி, மைதானத்தின் பின்பக்கம் பார்த்தார். அங்கே புளியமரங்களுக்குப் பின்னால் இருபத்திரண்டு லாரிகள் நின்றிருந்தன. சங்கத்தில் யாரும் காரை ரோட்டில் ஓட்டிக்கொண்டு வருவதில்லை. தூசி படும், பாலீஷ் போகும், டயர் தேயும். போர்வை போர்த்தி, மெத்தை போட்டு, லாரியில் ஏற்றித்தான் கொண்டுவருவார்கள். எல்லோருக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். யாரும் பேசிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

"இந்த விதிப்படி," என்றார் டீச்சர் நிதானமாக, "இன்னைக்கு மலையேறத் தகுதி உள்ள வண்டி இந்த மைதானத்துல ஒண்ணுதான் இருக்குது."

சிரித்துக்கொண்டிருந்த கார்க்காரர்களின் முகங்கள் மாறின. டீச்சருக்கு மனதுக்குள் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவும் இல்லை. இத்தனை வருஷமாகப் பாலீஷைச் சோதித்துக்கொண்டிருந்தோமே என்று தன் மேலேயே கோபமும் வந்தது. கார்க்காரர்கள் ஜெகதீஸ்வரனைச் சூழ்ந்துகொண்டு கிசுகிசுத்தார்கள். இரண்டு நிமிஷத்தில் அவர் திரும்பி வந்து, சங்கத்து ஒற்றுமை முக்கியம், இந்த வருஷம் எல்லா வண்டியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்.

"ஆனா சீட்டுல பொய் எழுதக்கூடாதுங்க," என்று விடாமல் சேர்த்தார். "இஞ்சின்னு ஒரு கட்டம் இருக்குதல்ல? அதுல என்ன எழுதுவீங்க?"

அது நியாயமான கேள்வி. இஞ்சின் இல்லை என்று எழுதிய சீட்டில் கையெழுத்துப் போட டீச்சரால் முடியாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடவும் முடியாது. அவர் பேனாவோடு நாச்சிமுத்துவைப் பார்த்தார். நாச்சிமுத்து ஒருதரம் செல்லாத்தாளைப் பார்த்தார், ஒருதரம் மலையைப் பார்த்தார்.

"எங்க இஞ்சினுக்குப் பொறுமை பத்தாதுங்க டீச்சர்," என்றார். "கொடியசைக்கிற வரைக்கும் நிக்காது. நேத்தே கிளம்பிக் குன்னூர் போயிருச்சுங்க."

"கேட்டுக்குங்க!" ஜெகதீஸ்வரன் வேனுக்குள் கை நீட்டினார். "மயிலக்கா பொய் சொல்ல மாட்டாங்க. அவங்க சொல்லட்டும், நான் ஒத்துக்கறேன். ஏனுங்க்கா, இஞ்சின் எங்கே?"

நாச்சிமுத்துவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டிருப்பதே இந்த அம்மாள்தானே.

மயிலாத்தாள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"காலையில இந்த வண்டியில வந்தனுங்க," என்றார். "சத்தமே இல்லாமக் காத்து மாதிரி வந்துச்சு. ரோட்டுல பல்லு வெளக்கிட்டிருந்தவங்கெல்லாம் எந்திரிச்சு நின்னு பாத்தாங்க. நான் முப்பது வருசம் சொசைட்டிக்குப் போயிட்டு வந்திருக்கறேன், ஒருத்தரும் ஒருநாளும் அப்படிப் பாத்ததில்லே. நீங்க ரொட்டி டப்பாங்கறீங்க." ஜெகதீஸ்வரனை நேராகப் பார்த்தார், தண்ணீர் கலந்தவரைப் பார்க்கிற பார்வை. "இஞ்சின் நேத்துச் சாயங்காலம் அஞ்சே முக்காலுக்குக் குன்னூர் போச்சுங்க. நாந்தான் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தேன்."

டீச்சர் கட்டத்தில் 'குன்னூரில் உள்ளது' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜெகதீஸ்வரன் ஏதோ சொல்ல வாயெடுத்து, லாரிகளைப் பார்த்து மூடிக்கொண்டார்.

ஒன்பது மணிக்குக் கொடி அசைந்தது. இருபத்திரண்டு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டுப் போயின. தூசி அடங்கியதும், வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தின் பக்கம் திரும்பி நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். இஞ்சின் மலைவழியில் பர்லியாறு தாண்டியபோது நடந்ததைச் சொல்லப்போகிறார் என்று தெரிந்தது.

மயிலாத்தாள் வண்டியிலிருந்து இறங்கி, தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேனுக்குப் பின்னால் போனார்.

"கட்டிலுக்கு அடியில கெடக்கற இஞ்சினைப் பத்தி வூட்டுக்குப் போய்ப் பேசிக்கலாமுங்க," என்றார். "இப்ப வாயை மூடிட்டு வந்து மலைப் பக்கம் தள்ளுங்க. டீச்சர், நீங்க அந்தப் பக்கம் புடிங்க."