கண்ணை மூடிப் போட்ட கரை

ஜமீன் காரியஸ்தர் பொன்னுரங்கம் ஒருநாள் தறிக்கூடத்துக்கு வந்தார். ஜமீன்தார் மகளின் கல்யாணப் பட்டுச்சேலையை வேதாசலம் அன்றுதான் நெய்யத் தொடங்கியிருந்தார். சிவப்பு உடல், பச்சைக் கரை. வலப்பக்கத்துக் கரைக்குப் பச்சை நூல் நாடாவை வீச, அவர் அருகில் செங்கமலம் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு சேலைக்கு எதுக்கு ரெண்டு ஆள்? இந்த வேலையை நான் கண்ணை மூடிக்கிட்டே செய்வேன். நாளையிலேருந்து நீ வர வேண்டாம்," என்றார் காரியஸ்தர் செங்கமலத்திடம்.

செங்கமலம் எழுந்து இடம் விட்டாள்.

"சரிங்க ஐயா. ஒரு சாண் மட்டும் போட்டுக் காட்டுங்க, பார்த்துட்டுப் போயிடறேன்."

காரியஸ்தர் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சாண் முடிவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. சிவப்பும் பச்சையும் சேரும் கோடு, கள் குடித்தவன் நடைபோல வளைந்து கிடந்தது.

"தறி சரியில்லை. இந்தச் சேலை முடியறவரைக்கும் நீ இரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடிந்த சேலையை விரித்துப் பார்த்த ஜமீன்தாரின் மனைவி, "இந்த ஒரு சாண் மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டாள்.

"எல்லாம் இவ கைவேலைதான்," என்று செங்கமலத்தைக் காட்டினார் காரியஸ்தர்.

"மத்ததெல்லாம் என் கைங்க அம்மா. அது மட்டும் ஐயா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டது."

அம்மாள் சிரித்துவிட்டாள். "அப்போ அடுத்த சேலைக்கும் நீயே உட்காரு. ஆனா இந்தச் சாணை என்ன பண்றது?"

"அது இடுப்புல செருகுற முனைங்க அம்மா, வெளியே தெரியாது. அதனாலதான் அந்த இடத்தை ஐயாவுக்குக் கொடுத்தேன்," என்றாள் செங்கமலம்.