வயல் நடுவே ஒரு பாலம்

பித்தாற்றங்கரை மடத்தில் சடைமுடியார் என்றொரு குரு இருந்தார். சீடர்கள் வருவார்கள், நாலு நாள் அவர் வாயையே பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். போகாமல் நின்றவர் பூவராகன் ஒருவர்தான். பக்கத்துக் கிழக்கூரின் நாட்டாண்மை. தலை நரைத்த பிறகு சீடரானவர்.

பித்தாறு தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆறு. தாத்தா பரிசல் விட்ட இடத்தில் பேரன் உளுந்து விதைப்பான். நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொண்டாலும் இது மிஞ்சும்.

கிழக்கூருக்கும் மேட்டுக்கும் நடுவில், வயலுக்குள், ஐந்து கண் வைத்த கல்பாலம் ஒன்று உண்டு. அடியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆடுகள் நிழலுக்குப் படுக்கும். சடைமுடியாரின் குரு கட்டியது. ஊரில் கல்யாணம் என்றால், தாலி கட்டிய கையோடு மணமக்கள் அந்தப் பாலத்துக்கு ஒரு சட்டி சுண்ணாம்பு பூசவேண்டும். அப்புறம்தான் பந்தி.

பூவராகன் ஒருநாள் கேட்டார்: "சாமி, நூறு வருஷத்துக்கு யோசித்துச் செய் என்று ஊர் என்னிடம் விட்டிருக்கிறது. அந்தப் பாலத்தை இடித்து, அந்தக் கல்லாலேயே ஆற்றுக்குக் கரை கட்டட்டுமா?"

"ஆறு அங்கேயே இருக்குமா?"

"கரை கட்டினால் இருக்காதா?"

"ஆற்றிடம் கேட்டாயா?"

"விளையாடாதீங்க சாமி. ஊர் உயிர் இதில் இருக்கிறது."

"சரி, இடி. ஐப்பசியில் ஒரு கல்யாணம் இருக்காமே? அதுங்களும் சுண்ணாம்பு பூசிவிடட்டும். மறுநாள் இடி."

"இடிக்கப்போகிற பாலத்துக்குச் சுண்ணாம்பா?"

"எனக்கும் பந்தியில் ஓர் இலை விழ வேண்டாமா?"

ஐந்து நாள் அடைமழை விட்ட காலையில் கல்யாணம். மாப்பிள்ளை பாலத்தடியில் குனிந்து பூசிக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் மாப்பிள்ளை, சோறு ஆறுது!" என்றாள் மாமியார்.

மேற்கே ஆயிரம் வண்டி ஓடுகிற சத்தம் கேட்டது. ஆறு எழுந்துவிட்டது. தென்னைகள் நின்றபடியே நடந்து வந்தன என்பார்கள். சாய்ந்தபடி வந்தன என்றே வைத்துக்கொள்வோம். வந்த வெள்ளம், தன் கொட்டிலுக்குத் திரும்பும் மாடு மாதிரி, அந்த ஐந்து கண்ணுக்குள்ளும் நுழைந்து ஓடியது.

ஊரே பாலத்தின் மேல் ஏறி மேட்டுக்குப் போனது. முந்நூறு பேர், மாடு கன்று, பந்திச் சோற்று அண்டா. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

மேட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். வயல் ஆறாகியிருந்தது; பாலம் அதன் மேல் நின்றது.

பந்திக்கு வந்திருந்த சடைமுடியாரின் காலில் பூவராகன் விழுந்தார். "எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே ஆறு வரும் வழியை உங்கள் குரு கண்டுவிட்டாரே! தெய்வம் சாமி அவர்!"

சடைமுடியார் வடக்கே நடக்கத் தொடங்கினார். பூவராகன் பின்னாலேயே போனார்.

மூன்று நாள் நடந்தார்கள். கேழ்வரகுக் கொல்லையில் ஒரு பாலம். சுடுகாட்டு ஓரத்தில் ஒன்று. பொட்டல்வெளியில் ஒன்று. எல்லாம் காய்ந்த தரையில், புதுச் சுண்ணாம்போடு. ஊருக்கு ஊர் ஒரே பேச்சு: "சிரிக்காதீங்க சாமி, இந்தக் கிறுக்கு எங்க ஊரில் மட்டும்தான்."

பதினோராவது பாலத்தில் பூவராகன் நின்றுவிட்டார். அதன் நிழலில் உட்கார்ந்து, ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"இத்தனையும் அவர் கட்டியதா சாமி?"

"ம்."

"அப்படியானால், ஆறு எங்கே வரும் என்று அவருக்கு..."

"தெரிந்திருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருப்பாரே, அப்பா."