ஒச்சாயியைத் தேடிய பள்ளிக்கூடம்

முன்னொரு காலத்துல கருங்காணி நாட்டைச் சூரசிங்க ராசா ஆண்டாரு. ஆண்டாருன்னு சொல்றது ஒரு மரியாதைக்குத்தான். காலையில ஒண்ணு தோணும், மத்தியானம் இன்னொண்ணு தோணும், ரெண்டையும் தண்டோராப் போட்டுச் சட்டமாக்கிடுவாரு.

அவரு சபையில சபாரஞ்சிதக் கவிராயர்னு ஒரு ஆளு. ராசா பெருமையை ஆயிரம் பாட்டாக் கட்டி வச்சிருந்தாரு, கேக்கத்தான் நாதியில்லை. இதுல, கண்மாய்த் தண்ணியை வயல்வயலாப் பிரிச்சு விடுற ஒச்சாயியை ராசா ஒருநாள் சபையில, "கெட்டிக்காரி!"ன்னு சொல்லிட்டாரு. அன்னைக்கே கவிராயருக்கு வயிறு எரிய ஆரம்பிச்சிருச்சு.

"மகாராஜா! ஊரிலுள்ள பெரியவர்கள் எல்லாரும் தினமும் பள்ளியில் அமர்ந்து தங்கள் புகழை மனப்பாடம் செய்ய வேண்டும்"னு தூபம் போட்டாரு. ராசாவுக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. "நாளையிலிருந்தே ஆகட்டும்!"

அதுவோ நடவு நேரம். கண்மாயில கிடந்தது பன்னெண்டு நாள் தண்ணி. அதுக்குள்ள நாத்து நட்டாகணும், இல்லேன்னா வருசம் பூரா ஊரே பட்டினி. இதை எந்தக் கவிராயர்கிட்டப் போயிச் சொல்ல?

முதல் நாள் எல்லாரும் கொட்டகையில போயி உக்காந்தாங்க. கவிராயர் பிரம்பைத் தட்டி, "மட்டம் போடுகிறவரை மற்றவர்கள் போய்த் தேட வேண்டும். கண்ணில் பட்டால், பார்த்தவரே தோளில் தூக்கி வர வேண்டும். வந்ததும் காலில் மரக்கட்டை பூட்டப்படும்!"னாரு.

ஒச்சாயி எழுந்தா. "எத்தனை பேரு தேடணுங்க?"

"எல்லாரும்!"

"எது வரைக்கும்?"

"அகப்படும் வரைக்கும்!"

"சரிங்க"ன்னு உக்காந்துட்டா.

மறுநாள் அவ வரலை. கவிராயருக்கு ஒரே குஷி. "ஓடுங்கள்! தேடுங்கள்!"னு விரட்டினாரு. கொட்டகையே காலி. பொழுது சாயத்தான் திரும்புனாங்க. "அகப்படலைங்க." அடுத்த நாளும் அதே. அதுக்கடுத்த நாளும் அதே. மனுசன் ஓடிப்போய்ப் பார்த்தாரா? இல்லையே! ஒச்சாயிக்குப் பூட்டப்போற கட்டையை நாளுக்கு நாள் பெரிசாக்கிக்கிட்டு உக்காந்திருந்தாரு.

ஏழாம் நாள் தன் புகழைக் கேக்க ஆசையா வந்தாரு ராசா. கவிராயரும் கட்டையும்தான் இருந்தாங்க.

"எங்கேய்யா பள்ளிக்கூடம்?"

"ஒச்சாயியைத் தேடப் போயிருக்கிறது, மகாராஜா. ஆறு நாளாகத் தேடுகிறார்கள்."

"ஒரு பொம்பளையை ஆறு நாளாவா தேடுறாங்க? வாரும், பார்ப்போம்!"

கண்மாய்க்குக் கீழே போனா, ஊரே முட்டளவு சேத்துல குனிஞ்சு நாத்து நட்டுக்கிட்டிருக்கு. ராசாவுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "இதுக்குப் பேரு தேடுறதா?"

சோணைன்னு ஒரு குடியானவன் நிமிர்ந்து கும்பிட்டான். "ஆமாங்க. சேத்துக்குள்ள ஒளிஞ்சிருப்பாளோன்னு கையை விட்டுத் துழாவுறோம்."

"நாத்து எதுக்கு?"

"தேடின இடத்தையே திரும்பத் தேடிறக் கூடாதுல்ல? அடையாளத்துக்கு நடுறோம்."

ராசாவுக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு, அடக்கிக்கிட்டாரு. மடைப் பக்கம் திரும்பினா, இடுப்புவரை சேறு, கையில மம்பட்டி, நட்ட நடு வெயில்ல நிக்கிறா ஒச்சாயி. "அது யாரு?"ன்னாரு.

"ராசா கண்ணுல பட்டுட்டாளா?" சோணை துள்ளிக் குதிச்சான். "அப்ப ராசாதான் தோள்ல தூக்கணும்!"

ராசா தன் பட்டு அங்கவஸ்திரத்தைப் பார்த்தாரு, அவ மேல வழியிற சேத்தைப் பார்த்தாரு. "நான் கொக்கைச் சொன்னேன்"னுட்டாரு.

கவிராயருக்குப் பொறுக்கலை. "கொக்கா? அவள்தான் மகாராஜா! என் கண்ணாலேயே பார்க்கிறேன்!"

"பார்த்துட்டீரா? அப்ப தூக்கும்"னாரு ராசா.

கவிராயர் வரப்பை விட்டு இறங்கினாரு. ரெண்டே எட்டு. மூணாவது எட்டுல தொடை வரைக்கும் புதைஞ்சு, தலைப்பாகையோட குப்புற விழுந்தாரு. ஊரே கொல்லுன்னு சிரிச்சுது.

ராசா மட்டும் சிரிக்கலை. "ஒச்சாயி, சட்டத்தை மீறி மட்டம் போட்டியா?"

"போட்டேன் ராசா." அவ மம்பட்டியைக் கீழே போடலை. "நாளைக்கும் போடுவேன். இன்னும் அஞ்சு நாள் தண்ணிதான் இருக்கு. கட்டையைப் பூட்டுங்க, அதையும் இழுத்துக்கிட்டு வந்து மடை திறப்பேன். உங்க பெருமையைப் பாடச் சொல்றீங்க, பாட வாயில சோறு வேணாமா?"

ராசா நட்டு முடிச்ச வயலை ஒருதரம் பார்த்தாரு. "அறுப்பு முடியிற வரை பள்ளிக்கூடம் கிடையாது. கட்டையைக் கவிராயரே சுமந்து போயி அரண்மனை அடுப்புல போடட்டும். உனக்கு என்ன பரிசு வேணும், கேளு!"

"இப்ப ஒண்ணும் வேணாம். வாய்க்கால்ல நிக்கிறீங்க, தள்ளி நின்னாப் போதும்."

ராசா பதறித் தள்ளி நின்னாரு. அப்புறம் என்ன தோணுச்சோ, செருப்பைக் கழட்டிட்டு, அங்கவஸ்திரத்தை வரிஞ்சு கட்டி, ஒரு கட்டு நாத்தை எடுத்துக்கிட்டுச் சேத்துல இறங்கிட்டாரு. நாலு நாத்துதான் நட்டிருப்பாரு.

"ராசா! அம்புட்டு ஆழமா நட்டா அழுகிப்போகும்!" ஒச்சாயி மடையிலிருந்து சத்தம் போட்டா. "பிடுங்கிட்டு மறுபடி நடுங்க!"

ராசா மறுபேச்சில்லாம பிடுங்கினாரு.