ஒதீல் சொன்ன பொய்

பிரான்சு நாட்டில் வில்மோர் என்று ஒரு சந்தை ஊர். கோட்டை மதில், கல் பாவிய தெருக்கள், மாடி முன்னால் துருத்தி நிற்கும் மரச்சட்ட வீடுகள், நடுவே ஓக் மரத் தூண்கள் தாங்கும் பெரிய சந்தைக் கூடம் எல்லாம் அறுநூறு ஆண்டுகளாக அப்படியே நிற்கின்றன. பார்க்க வருகிறவர்கள் கட்டிய தச்சர்களைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். ஒரு பெண் பொய் சொன்னதால்தான் அந்த ஊர் மிஞ்சியது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு, கடைசியில் நான் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்லவேண்டும்.

சந்தைக் கூடத்துக்குக் கூரை போட்டவர்கள் ஆன்செல், ரெனோ என்ற அண்ணன் தம்பி. பெற்றோர் இல்லாத தம்பியை அண்ணன்தான் வளர்த்தான். கூரை வேலை முடியும் தறுவாயில் ஆன்செல் மேலிருந்து விழுந்தான். முதுகெலும்பு முறிந்தது, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவனை ஒரு பலகையில் கட்டி, ஓர் ஆள் மட்டுமே ஏறக்கூடிய சுழற்படிக்கட்டு வழியாக வீட்டு மாடிக்குக் கொண்டுபோக நான்கு பேருக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க ஆயிற்று. அதன்பின் அவன் இறங்கவே இல்லை. மனைவி ஒதீல் கீழே மெழுகுவத்தி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். ரெனோவுக்கு நான்கு குழந்தைகள், ஓயாத வேலை. இருந்தும் தினமும் வந்து அண்ணனைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்துவிட்டு, எந்தத் தெருவில் என்ன கட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவான்.

ஒரு கோடை வியாழக்கிழமை. சந்தை நிறைந்திருந்த நண்பகலில் மேற்குத் தெருவில் ஒரு ரொட்டிக்கடைப் புகைபோக்கி தீப்பற்றியது. மேற்கிலிருந்து பலத்த காற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு வீடுகள் எரிந்தன. ஏழாவது ஆன்செலின் வீடு. அதை ஒட்டிச் சந்தைக் கூடம். கூடத்துக்கு அப்பால் கன்னியர் நடத்திய நோயாளிகள் விடுதி. அதில் எழுந்து நடக்க முடியாதவர்கள் நாற்பது பேர். ஏழாவது வீட்டைத் தீ தொடுவதற்குள் இழுத்துச் சாய்த்தால் நெருப்பு அங்கேயே நின்றுவிடும். வேறு வழியில்லை.

ஒதீல் மாடிக்கு ஓடினாள். கணவனின் அக்குளில் கைகொடுத்துப் படிக்கட்டுவரை இழுத்துவந்தாள். அதற்குமேல் முடியவில்லை.

"விடு, ஒதீல்" என்றான் ஆன்செல். "ரெனோ இப்போது வந்துவிடுவான். நான் உள்ளே இருப்பது தெரிந்தால் மேலே ஏறுவான். என்னை இறக்கவும் அவனால் முடியாது, என்னை விட்டுவிட்டு இறங்கவும் மாட்டான். வீடும் நின்று எரியும். நான் வெளியே போய்விட்டேன் என்று அவனிடம் சொல்."

"எப்படிச் சொல்வேன்?"

"சொல்லிவிடு. எனக்கு வாக்குக் கொடு."

அவள் வாக்குக் கொடுத்தாள். அவன் தலையைத் தன் மார்போடு ஒருமுறை அணைத்துவிட்டு இறங்கினாள்.

வாசலில் ரெனோ, படியேறத் தயாராக.

"அண்ணி, அண்ணன் எங்கே?"

"பின்பக்கமாக இறக்கியாயிற்று. சர்ச்சுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்."

அவன் முகம் மலர்ந்தது. எந்தத் தூண் அந்த வீட்டைத் தாங்குகிறது என்று அவனுக்குத்தான் தெரியும். இரண்டு தூண்களில் கொக்கி மாட்டி, வடத்தை இருபது பேர் கையில் கொடுத்து, முன்னால் தானே பிடித்து, "இழுங்கள்!" என்று குரல் கொடுத்தான். வீடு சரிந்தது. நெருப்பு அங்கேயே நின்றது.

கரி படிந்த முகமும் கையில் ஒரு குவளைத் தண்ணீருமாக ரெனோ சர்ச்சுக்கு ஓடினான். ஒவ்வொரு பெஞ்சாகத் தேடினான். திரும்பி வந்தபோது ஒதீல் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். அவள் கண்கள் இடிபாட்டின் மேலேயே இருந்தன. அவன் குவளையைத் தரையில் வைத்துவிட்டு, இடிபாட்டை வெறுங்கையால் தோண்டத் தொடங்கினான்.

வழக்கு ஊர் நீதிபதியிடம் போயிற்று. "என் கையாலேயே என் அண்ணனைக் கொல்லவைத்தாள்" என்றான் ரெனோ. "ஏறிப் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய வேண்டியவன் நான். அவனிடம் ஒரு வார்த்தை பேசக்கூட விடவில்லை."

"சாகப்போகிறவர் கேட்ட ஒன்றைச் செய்தேன்" என்றாள் ஒதீல். "ரெனோவின் பிள்ளைகளுக்கு இன்று அப்பா இருக்கிறான்."

நீதிபதி அவளை விடுவித்தார். ரெனோ குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனான். இருபது ஆண்டுகளில் அவளுக்கு அவனிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

இப்போது சொல்லுங்கள். பொய் சொல்லச் சொன்ன ஆன்செல், சொன்ன ஒதீல், அதை மன்னிக்காத ரெனோ. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ஆன்செல் தன் உயிரைக் கொடுத்தது சரி, அது அவனுடையது. ஒதீல் பொய் சொன்னதும் சரி; உண்மை சொல்லியிருந்தால் ஊர் போயிருக்கும், ரெனோவும் போயிருப்பான். ஆனால் தம்பியைக் கேளாமல் அவன் கையை அதற்குப் பயன்படுத்திக்கொள்ள அந்த இருவருக்கும் உரிமை இல்லை. ஆகவே ரெனோவின் கோபமும் சரிதான். அவள் செய்யத் தவறியது ஒன்றே ஒன்று. கொக்கியை மாட்டியபின் வடத்தை யார் வேண்டுமானாலும் இழுத்திருக்கலாம். "உன் அண்ணன் உன்னைத் தேடுகிறார், சர்ச்சுக்குப் போ" என்று இன்னொரு பொய்யையும் அவள் சொல்லியிருக்கவேண்டும். அண்ணன் செத்த துக்கம் அவனுக்கு அப்போதும் இருந்திருக்கும். கொன்ற துக்கம் இருந்திருக்காது. ஒதீலுக்கும் இது தெரிந்தது. வழக்கு முடிந்து திரும்பும் வழியில்தான் தெரிந்தது.