அசமந்தூர் அப்பளக் கம்பெனியின் ஒருமனதான முடிவு

அசமந்தூர்க்காரர்களைச் சோம்பேறிகள் என்று அவர்களுடைய எதிரிகூடச் சொன்னதில்லை. சொன்னதைச் செய்வார்கள். சொன்னபடியேதான் செய்வார்கள். அந்த ஊரின் கஷ்டமெல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஊரில் ஒரே ஒரு அப்பளக் கம்பெனி இருந்தது. பழைய மேனேஜர் வாயைத் திறந்தால் வசவுதான். பொறுக்கமாட்டாமல் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது நாலு பேர்: மாவு பிசையும் பேச்சிமுத்து, அப்பளம் தேய்க்கும் செவந்தி, மாடியில் காயப்போடும் பவுனம்மா, கட்டுக் கட்டும் சன்னாசி. வெளியூரில் இருந்த முதலாளி வேதநாயகம் வசவு மேனேஜரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உள்ளூர்க்காரரான காசிலிங்கத்தை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்.

"காசிலிங்கம், மூணே விஷயம். யார் தப்புப் பண்ணினாலும் முதல்ல பாராட்டு, அப்புறம் தப்பைச் சொல்லு. எதுவா இருந்தாலும் எல்லாரையும் கேட்டு முடிவெடு. இனிமே ஒரு ஆள் இந்தக் கம்பெனியை விட்டுப் போகக் கூடாது. போனா, இழுத்து மூடிருவேன். நாலு பேர் சோறு உன் கையிலதான் இருக்கு."

காசிலிங்கம் தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மறுநாளே பேச்சிமுத்து மாவில் உப்பை இரண்டாம் தடவை போட்டுவிட்டார். காசிலிங்கம் ஓடி வந்தார். திட்டவில்லை.

"பேச்சிமுத்து, உப்பு அள்ளுற அந்தக் கை இருக்கே! ஒரு பொட்டு கீழே சிந்தலையே! இந்தக் கம்பெனி செஞ்ச புண்ணியம்யா நீ."

பேச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தாய்கூட அவரை அப்படிச் சொன்னதில்லை. காசிலிங்கம் தப்பைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சந்தோஷத்தில் இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டார். அதற்கும் முதலில் பாராட்ட வேண்டியிருந்தது. சாயங்காலம் அந்த மாவைத் தெருவில் கொட்டினார்கள். ஒரு வாய் வைத்த மாடு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனது.

செவந்திக்கு மனசு தாங்கவில்லை.

"சார், நான் தேய்க்கிற அப்பளம் ஒண்ணாவது கோணலாப் போயிருக்கா?"

"இல்லையேம்மா."

"ஒரு நாளாவது என்னைப் பாராட்டுனீங்களா?"

"நீ தப்பே பண்ணலையே, எப்படிம்மா பாராட்டுறது? முதலாளி உத்தரவு அப்படி."

செவந்திக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் அப்பளத்தைச் சதுரமாகத் தேய்த்தாள்.

"நாலு மூலையும் நாலு திசையைப் பாக்குதே, செவந்தி! வாஸ்து பாத்துக் கட்டின வீடு மாதிரி!" என்றார் காசிலிங்கம்.

அதைக் கேட்ட பவுனம்மா, அப்பளங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் காயப்போட்டாள். அவை ஒட்டிக்கொண்டு பலகையானதும் அவளுக்கும் இரண்டு நல்ல வார்த்தை கிடைத்தது. கம்பெனியில் சந்தோஷம் பெருகியது. அப்பளம்தான் குறைந்தது.

அப்போதுதான் பெரிய கல்யாண ஆர்டர் ஒன்று வந்தது. இதுவும் கெட்டால் கம்பெனி நிற்காது. சரக்கைப் பார்க்க நேரிலேயே வருவதாக முதலாளி சொல்லிவிட்டார். காசிலிங்கம் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டார். "இந்த ஒரு தடவை பாராட்டு வேண்டாம்னு இருங்கப்பா."

இருந்தார்கள். உப்பு அளவாக, விளிம்பு வட்டமாக, மாடி நிறைய அப்பளம் காய்ந்தது. முதலாளி வரும் நாளும் வந்தது. கூடவே மேற்கே வானம் கருத்தது.

"சார், மழை வருது. அள்ளிரவா?" என்றாள் பவுனம்மா.

"பதறாதே. எல்லாரையும் கேட்டுத்தான் முடிவு. நீ என்ன சொல்றே?"

"அதைத்தானே சொன்னேன். அள்ளணும்."

"பேச்சிமுத்து?"

"அள்ளணும்."

"செவந்தி?"

"அள்ளணும் சார், தூறல் விழுது."

"சன்னாசி?"

சன்னாசி லீவு போட்டு மாமனார் ஊருக்குப் போயிருந்தார். போன் போட்டார்கள். எடுக்கவில்லை.

"கறிச்சோறு தின்னுட்டுத் தூங்கியிருப்பாரு," என்றாள் செவந்தி.

"அவன் அள்ள வேண்டாம்னு நினைச்சா?" பேச்சிமுத்து கவலைப்பட்டார்.

"அப்பளத்தை மழையில போடச் சொல்லி எவனாவது சொல்வானாண்ணே?"

"சொல்லமாட்டான்தான். ஆனா சொல்றதுக்கு ஒரு வாய்ப்புக் குடுக்கணும்லா?"

அதை யாராலும் மறுக்க முடியவில்லை. மறுபடி போன் போட்டார்கள். மழை மட்டும் யாரையும் கேட்காமல் கொட்டியது.

ஒருவழியாகப் போனை எடுத்த சன்னாசி, "அட, அள்ளுங்கய்யா!" என்று கத்தியபோது மாடியில் அள்ள எதுவும் மிச்சமில்லை. உளுந்தங்கூழ் வடிகுழாய் வழியாகத் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது. காரிலிருந்து இறங்கிய முதலாளியின் கால் அதில்தான் பதிந்தது.

"என்னய்யா இது?"

"கல்யாண ஆர்டர், முதலாளி," என்றார் காசிலிங்கம், பெருமை குறையாமல். "அள்ளணும்னு இப்பத்தான் ஒருமனதா முடிவெடுத்தோம்."

முதலாளி மழையில் நனைந்தபடியே காலை உதறினார்.

"போதும்டா சாமி! நான் இந்தக் கம்பெனியை விட்டே போறேன். இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு, ஈர வேட்டியை மாற்றச் சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே எல்லோர் முகமும் வெளுத்தது.

"ஒரு ஆள் போனாலும் மூடிருவேன்னு சொன்னாரே!" என்றாள் செவந்தி.

"இப்பப் போறது அவருல்லா?" என்றார் பேச்சிமுத்து.

"யாரா இருந்தா என்னண்ணே, ஆள் ஆள்தானே?"

"ஐயோ, நம்ம சோறு போச்சே!" என்று பவுனம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

நல்லவேளையாகச் சன்னாசி இன்னும் போனில்தான் இருந்தார். "அவரைப் போக விடாதீங்கய்யா!" என்று அங்கிருந்தே அலறினார். அந்தக் கம்பெனியில் அவ்வளவு சீக்கிரமாக ஒரு முடிவு அதற்கு முன்னால் எடுக்கப்பட்டதில்லை. காசிலிங்கம் போய்ச் சரக்கறையின் வெளித்தாழ்ப்பாளைப் போட்டார்.

"டேய், யார்ரா அது? திறங்கடா!"

"எல்லாரையும் கேட்டுச் சொல்றேன், முதலாளி. உங்களையும் சேர்த்துத்தான். நீங்க என்ன சொல்றீங்க?"

"திறடா!"

"முதலாளி திறக்கணுங்கிறார்," என்று காசிலிங்கம் மற்றவர்களிடம் நேர்மையாக அறிவித்தார். மற்றவர்கள் யோசிக்க அவகாசம் கேட்டார்கள். சன்னாசி அதற்குள் மறுபடி தூங்கிவிட்டார்.

கதவில் இடி இடியாக விழுந்தது. ஒரு கீல் பெயர்ந்து தொங்கியது. கம்பெனிச் சொத்து. முதலாளியே ஆனாலும் தப்பைச் சொல்லித்தான் ஆகவேண்டும். காசிலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு கதவருகே குனிந்தார்.

"முதலாளி, என்னமாத் தட்டுறீங்க! ஒரு இடத்துலகூடத் தாளம் தப்பலையே!"

உள்ளே சத்தம் சட்டென்று நின்றது. பிறகு முன்னைவிட இரண்டு மடங்கு பலமாகத் தட்டல் கேட்டது.

"பாத்தீங்களாண்ணே," என்றாள் செவந்தி பேச்சிமுத்துவிடம். "அவருக்கும் பாராட்டு பிடிச்சுப்போச்சு."